அசைந்தால் வெளியே!

குன்றையூர் அரசர் மாறவேளுக்கு ஆணை போடுவதென்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே ஓர் ஆணை. யோசனையெல்லாம் அப்புறம்தான்.

அரண்மனைப் பள்ளியில் பாடம் சொல்லிவந்தவர் தண்டபாணிப் புலவர். பெரிய படிப்பாளி. பொறுமைதான் கொஞ்சம் கம்மி. ஒருநாள் மூச்சிரைக்கச் சபைக்கு வந்தார்.

"அரசே, இதுகள் பிள்ளைகளா, வாலில்லாத வானரங்களா? ஒன்று நெளிகிறது. ஒன்று காலை ஆட்டுகிறது. தளபதி மகன் பாடம் ஒப்பித்துக்கொண்டே குட்டிக்கரணம் அடிக்கிறான்!"

"என்ன செய்யலாம், சொல்லும்."

"பாட நேரத்தில் அசைபவர் எவராயினும் வெளியே! இப்படி ஓர் ஆணை போதும்."

போட்டுவிட்டார் அரசர்.

மறுநாள் முதல் ஆளாக வெளியே வந்தவள் பூவாயி, யானைப்பாகன் மகள். படுசுட்டி. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். அவளுக்குப் பின்னால் தளபதி மகன் வந்தான். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும். உச்சிவேளைக்கு உள்ளே மிஞ்சியவன் அமைச்சர் மகன் ஒருவன்தான். அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான்.

"இவனல்லவா மாணவன்!" என்று பூரித்துப்போனார் புலவர்.

அரசருக்கு யோசனை சொல்ல அந்தச் சபையில் அம்பலத்தான் என்று ஒருவர் இருந்தார். யோசனையை விட அவரிடம் குறும்பு அதிகம். அவர் அந்தப் பக்கமாக வந்தபோது பூவாயி யானைக் கொட்டடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"கொட்டடிப் பொண்ணுக்குப் படிப்பு எதுக்குன்னு எங்கப்பாவைக் கேலி பண்ணுவாங்க ஐயா."

அம்பலத்தான் அவள் கண்ணைத் துடைத்தார். "அழாதே அம்மா. வெளியே நீ தனியாகவா இருக்கிறாய்? நாளைக்கு அரசரையே உனக்குத் துணைக்கு அனுப்பி வைக்கிறேன்."

நேரே சபைக்குப் போனார்.

"அரசே, அருமையான ஆணை! ஆனால் அசையாமல் உட்காருவது எப்படியென்று பாவம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் நாம் ஒரு பாடம் உட்கார்ந்து காட்டினால் பார்த்துப் பழகிக்கொள்வார்கள்."

"இவ்வளவுதானா? உட்கார்ந்து உட்கார்ந்துதானே இந்த நாட்டையே ஆள்கிறேன்! சரி, நான் உட்கார்ந்து காட்டிவிட்டால்?"

"அப்புறம் நான் இந்தச் சபைப் பக்கமே தலைகாட்டமாட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடப் பாயில் அரசர், அமைச்சர், தளபதி, அம்பலத்தான் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சன்னலில் தொங்கினார்கள். புலவர் சந்தி இலக்கணத்தை ஆரம்பித்தார்.

தளபதியின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. நெஞ்சில் வேல் தைத்தபோதும் கலங்காதவர், ஈயைத் தட்டிவிட்டார்.

"வெளியே!" என்று கூவினார்கள் பிள்ளைகள்.

அமைச்சர் முதுகைச் சொறிந்தார்.

"வெளியே!"

அரசர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போனது. பிறகு சுள்சுள்ளென்று குத்தியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெல்ல நீட்டினார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசரிடம் யார் சொல்வது?

அம்பலத்தான் எழுந்து கைகூப்பினார். "அரசே, 'எவராயினும்' என்பது தங்கள் ஆணை. எழுந்துவிட்டதால் நானும் வெளியேதான். வாருங்கள், சேர்ந்தே போவோம்."

வெளியே வந்த அரசர் காலை உதறினார். யாரையும் பாராமல் நாலு குதி குதித்தார். "அப்பாடா! இப்போதுதான் உயிர் வந்தது."

"புலவர் என்ன பாடம் நடத்தினார் அரசே?" என்று கேட்டார் அம்பலத்தான்.

அரசர் விழித்தார். "யாருக்குத் தெரியும்? என் நினைப்பெல்லாம் காலில் இருந்தது."

"எனக்கு மூக்கில்" என்றார் தளபதி.

"பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அசையாமல் இருப்பதே பெரிய வேலை. அதைச் செய்துகொண்டே பாடத்தை எப்படிக் கேட்பார்கள்?"

பின்னாலேயே வெளியே வந்த புலவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆட்டம் போட்டால் படிப்பு வருமா? எங்கே, வரவழைத்துக் காட்டும் பார்ப்போம்!"

அம்பலத்தான் கைதட்டினார். "பிள்ளைகளே, ஓடிப்போய் யானையைத் தொட்டுவிட்டு வாருங்கள்!"

புழுதி பறந்தது. திரும்பி வந்து இரைக்க இரைக்க உட்கார்ந்தார்கள். புலவர் அதே பாடத்தை எடுத்தார். கண்கொட்டாமல் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் நெளிய ஆரம்பித்ததும், "எழுந்து தவளை மாதிரி தத்துங்கள்!" என்றார் அம்பலத்தான். தத்தினார்கள். உட்கார்ந்தார்கள். மறுபடியும் பாடம்.

முடிவில் பூவாயி ஓர் எழுத்துப் பிசகாமல் முழுப் பாடத்தையும் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். அமைச்சர் மகன்கூட விழித்திருந்தான்!

புலவர் மட்டும் விடவில்லை. "அதெல்லாம் சரி அரசே. என்னுடைய பாட நேரத்தை இவர் களவாடிவிட்டாரே!"

"எவ்வளவு எடுத்தீர் அம்பலத்தாரே?"

"களவா? பங்குதான் பிரித்தேன் அரசே. புலவருக்கு முக்கால், பிள்ளைகளுக்குக் கால். இத்தனை நாளும் முழுவதையும் அவரே வைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் பாவம், பிள்ளைகளுக்குக் கால் இருந்தும் இல்லாமல் போயிற்று!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய ஆணையைக் கிழித்தெறிந்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தானுக்குப் போட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு புலவர் மெல்ல அம்பலத்தான் பக்கத்தில் வந்தார்.

"ஓய், அந்தத் தவளைத் தத்தலை எந்த வயதுவரைக்கும் செய்யலாம்? எனக்கு ரொம்ப நாளாக இடுப்புப் பிடிப்பு."