பவளம் பால் கொடுத்தாள்

"எவ்வளவோ சொல்லிட்டேன் அம்மா. அந்தப் பொண்ணு காதுலயே வாங்கிக்கல."

குடிலுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக உமையாள் சொன்னாள்.

மருத்துவச்சி செவ்வந்தி வேர் நறுக்குவதை நிறுத்தவில்லை. அவளிடம் தொழில் கற்கும் உமையாளுக்கு நாற்பத்தைந்து வயது. செவ்வந்தி அவளைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் குரு குருதான்.

"எந்தப் பொண்ணு அக்கா?"

"கீழத்தெரு பவளம். தலைப்பிரசவம். இன்னிக்கு ஒன்பதாம் நாள். பால் வரலன்னு அழறா. மாமியார் ஆட்டுப்பால் புகட்டியே தீருவேன்னு நிக்கிறாங்க. தாய்ப்பாலோட அருமையை ஒண்ணு விடாம எடுத்துச் சொன்னேன்."

"அவ காலையில என்ன சாப்பிட்டா?"

"கேக்கல."

"பால் கொடுக்கும்போது முதுகுக்கு என்ன சாய்மானம்?"

உமையாள் விழித்தாள். "கவனிக்கலையே அம்மா."

செவ்வந்தி கத்தியைக் கீழே வைத்தாள். "வாங்க, போகலாம்."

கீழத்தெருவில் பவளம் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள். செவ்வந்தி குடத்தை வாங்கி, வாசலில் நின்ற அவள் கணவன் காளத்தியின் கையில் கொடுத்தாள்.

"இனிமே இது உங்க வேலை தம்பி."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே தூக்கிப் போனான்.

மாமியார் தாயம்மாள் ஆட்டுப்பால் கிண்ணத்தோடு வந்தாள். "புள்ள கத்திக் கத்தி தொண்டை காஞ்சு கெடக்கு. பாலே இல்லாதவ எங்கேருந்து கொடுப்பா?"

"புள்ள மேல உங்களுக்கு இருக்கிற பாசம் யாருக்கு வரும்! முதல்ல இவளுக்குச் சூடா சோறு போடுங்க."

பவளம் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். தாயம்மாள் கேட்காமலேயே இன்னொரு கரண்டி வைத்தாள்.

செவ்வந்தி தரையில் அமர்ந்தாள். பவளத்தைத் தன் முதுகில் முதுகு சாய்த்து உட்காரச் சொன்னாள்.

"அக்கா, புள்ளையை நீங்க பாருங்க."

உமையாள் குனிந்து பார்த்தாள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுத்தது. காம்பு வெடித்துப் புண்ணாகியிருந்தது.

இந்தப் புண்ணோடுதான் இத்தனை நாளும் கொடுத்திருக்கிறாள். ஒரு வேளைகூடத் தவறாமல்.

உமையாள் குழந்தையை மெல்ல விலக்கினாள். அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்தாள். தாயின் வயிற்றோடு அதன் வயிறு படும்படி அணைத்துக் கொடுத்தாள்.

குழந்தையின் மோவாய் மார்பில் புதைந்தது. ஓர் இழுப்பு. இன்னொன்று. பிறகு மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

"வலிக்கல..." என்றாள் பவளம். அவளுக்கே நம்ப முடியவில்லை. உமையாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தை தானாக வாயை எடுக்கும்வரை செவ்வந்தி அசையவில்லை.

புறப்படும்போது தாயம்மாளிடம் சொன்னாள்: "புள்ள கேக்கும்போதெல்லாம் இப்படியே கொடுக்கட்டும். நாளைக்கும் வர்றோம். பால் போதுமான்னு தெரியணும்னா, ஒரு நாளைக்குப் புள்ள எத்தனை துணி நனைக்குதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். உங்களை நம்பித்தான் போறேன்."

அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை யாரும் தேடவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் தாயம்மாள் தெருமுனைக்கே ஓடி வந்தாள். "ஏழு துணி! எல்லாம் என் மருமவ பாலு!"

ஆறு மாதம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குழந்தை கொழுகொழுவென்று தவழப் பார்த்தது.

சோறூட்டும் நாளில் உமையாள் பவளத்தின் அருகே போய் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னதுல எதும்மா உனக்கு ஒத்தாசையா இருந்துச்சு?"

பவளம் யோசித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. நீங்க சொன்னது ஒண்ணும் ஞாபகத்துல இல்ல."

உமையாளின் முகம் சுருங்கியது.

"ஆனா அன்னிக்குப் புள்ள குடிக்க ஆரம்பிச்சதும் நீங்க அழுதீங்களே... அப்பத்தான் எனக்குப் பால் இருக்குன்னு நானே நம்புனேன்."