வெற்றிலைக் கறை

இருட்டிய பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பரக், பரக். நின்றது. மறுபடி பரக், பரக்.

எலி என்று நினைத்தாள் ஜெசிந்தா. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையும் வாயை எடுத்துவிட்டுக் கவனித்தது.

ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அவள் புருஷன் ரூபன் தன் லோடு வண்டியின் முன்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"எவனோ வெத்தலையைக் குதப்பித் துப்பிட்டுப் போயிருக்கான். நீ போய்ப் படு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்த வண்டியைக் கழுவி அவள் பார்த்ததில்லை. மழை கழுவினால்தான் உண்டு.

காலையில் தெருவெல்லாம் ஒரே பேச்சு. உப்பளத்தில் வேலை முடிந்து திரும்பிய ஒரு பெண்ணைப் பைபாஸில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். என்ன வண்டி என்று தெரியவில்லையாம்.

வண்டியைத் துடைத்த துணி குப்பைக் கூடையில் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா வேலைக்குக் கிளம்பினாள்.

தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கற்றுக்கொடுப்பவர் லியாகத் சார். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் ரெண்டு சொல்வார். அதிலும் ஒன்று "ம்."

அந்த வாரம் ரத்தப் பரிசோதனை. கறையைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு மருந்தில் ஒரு சொட்டு, பிறகு இன்னொரு மருந்தில் ஒரு சொட்டு. ரத்தமானால் பஞ்சு உடனே ரோஸ் நிறமாகும். பக்கத்தில் கறையே தொடாத வெறும் குச்சி ஒன்றுக்கும் அதே சொட்டுகளை விட வேண்டும். அது வெள்ளையாக நின்றால்தான் மற்றதை நம்பலாம்.

பழகுவதற்கென்று சார் கறைத் துணிகள் கொடுத்திருந்தார். துரு, பீட்ரூட், வெற்றிலைச் சாறு, கோழி ரத்தம். அவற்றின் நடுவே தன் துண்டையும் வைத்தாள்.

மத்தியானம் சார் மேசைக்கு வந்தார்.

"சார், எனக்கு இது வராது. நான் நின்னுக்கறேன்."

"ஏன்?"

"எல்லாமே ரோஸ் ஆகுது. வெறும் குச்சியும் ஆகுது. இந்தச் சோதனையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

"ம்."

"மருந்து கெட்டுப்போச்சோ என்னவோ."

"காலையில நான் கலக்குனது."

"அப்ப என் கைதான் சரியில்ல."

"பிள்ளையக் குளிப்பாட்டுற கை. சரியாத்தான் இருக்கும்." சார் குச்சிகளைப் பார்த்தார். "சொட்டு விட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?"

அவள் குச்சிகளை ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

சார் துணிகளைப் புரட்டினார். ஒன்றை இடுக்கியால் தூக்கினார்.

"இது நான் கொடுத்ததில்லையே."

"வீட்டுலேர்ந்து சார். வீட்டுக்காரர் வண்டி துடைச்ச துணி. வெத்தலைக் கறைன்னு அவர்தான் சொன்னாரு."

சார் அவள் முகத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பைபாஸ் விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"குச்சி எடுங்க."

"வேண்டாம் சார்."

"மூணு எடுங்க."

எடுத்தாள். ஒன்றில் அவள் கொண்டுவந்த கறை. ஒன்றில் நிஜ வெற்றிலைச் சாறு. ஒன்று வெறும் பஞ்சு. முதல் சொட்டு. இரண்டாவது சொட்டு.

"என்ன நிறம்?"

கண்ணை மூடிக்கொண்டாள்.

"திறந்துக்கிட்டுச் சொல்லுங்க."

"ரோஸ்."

"வெத்தலை?"

"அப்படியே இருக்கு."

"வெறும் குச்சி?"

"வெள்ளை." அவள் அந்த வெள்ளைக் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க சார். இதுவும் ஆகும். காலையில ஆச்சு. வச்சிக்கிட்டே இருந்தா இதுவும் ஆகும் சார்."

"ஆகும்."

சார் அவள் விரல்களைப் பிரித்து, குச்சியை வெள்ளையாகவே வாங்கிக் குப்பையில் போட்டார்.

"அது காத்து பண்ற வேலை. ரத்தம்னா உடனே ஆகும்."



"ஆட்டு ரத்தமா இருக்கலாம். நாயா இருக்கலாம். மனுஷ ரத்தம்னு இந்தக் குச்சி சொல்லலையே சார்?"

"சொல்லாது."

"பின்னே?"

"அவர் என்ன சொன்னார்?"

"வெத்தலைன்னு."

சார் கை கழுவப் போனார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. துடைத்தபடி திரும்பி வந்தார்.

"நீங்க வெட்டுன துண்டு எங்கேயும் செல்லாது. மிச்சத் துணியையும் வண்டியையும் போலீஸ்தான் வந்து எடுக்கணும். சொல்லப்போறது நீங்களா, நானா?"

"அந்த ஆளு கெட்டவரில்ல சார். பிள்ளைக்குக் காய்ச்சல்னா ராவெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பாரு."

"ம்."

"ஜெயில்ல போட்டா நாங்க எங்க போவோம்?"

சார் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் வைத்தார். போனை மேசைமேல் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

போலீஸ் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் விட்டிருந்த பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தாள். முற்றத்தில் ரூபன் வண்டிமேல் சாய்ந்து நின்றான்.

"சீக்கிரம் வந்துட்டே? சோறு எடுத்து வை."

வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அந்தப் பொம்பளைக்கு ரெண்டு பிள்ளைங்களாம்."

எந்தப் பொம்பளை என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்பான் என்று நின்றாள். பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது.

"ரோட்டுல விளக்கே இல்ல, ஜெசி" என்றான்.

ஜெசிந்தா பிள்ளையின் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.