கடைசி சீட்டுப் பெட்டி

மினிபஸ் முதலாளி வெள்ளத்துரைக்குக் கோவில்பட்டியில் ஏழு பஸ் ஓடியது. அவர் மீசை பெர்மிட் இல்லாமலே ஓடியது.

ஒருநாள் காலையில் புது பஸ்ஸோடு வந்து, கார் ஆடியோ கடை இசக்கிராசுவை அதட்டினார்.

"ஏலே, இந்த ஒரே ஆம்ப்ளிஃபயர்ல நாலு சப்வூஃபர் பெட்டியையும் மாட்டு."

"அது ஒண்ணைத்தான் தாங்கும் அண்ணாச்சி. நாலையும் மாட்டினா புகைஞ்சிரும்."

"எனக்கே பாடம் எடுக்கியா? ஒண்ணு குறைஞ்சாலும் என் காது கண்டுபிடிச்சிரும். அப்புறம் பஸ் ஸ்டாண்டுல உன் கடை இருக்காது!"

இசக்கிராசு மதியம் வரை வேலை பார்த்துவிட்டுப் பாட்டைப் போட்டான். பஸ் அதிர்ந்தது.

"நாலும் அடிக்குதா அண்ணாச்சி?"

வெள்ளத்துரை கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அடிக்குதாவா? அதுலயும் கடைசி சீட்டுக்குக் கீழ இருக்கே, அந்தப் பெட்டிதாம்லே ராஜா! நெஞ்சுல வந்து குத்துது."

டிரைவரும் கண்டக்டரும் பார்க்க, இசக்கிராசு அந்தப் பெட்டியின் கம்பிவலையைக் கழற்றினான். அவன் வயர் கொடுத்திருந்தது முன்னால் இருந்த ஒரே பெட்டிக்குத்தான். கடைசி சீட்டுப் பெட்டிக்குள் ஸ்பீக்கர்கூட இல்லை. அவனுடைய தூக்குவாளி இருந்தது.

"உங்க காது காதுதான் அண்ணாச்சி," என்றான். "இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு. காரம் கொஞ்சம் தூக்கல்தான்."