லியோனேல் பிரபுவின் குற்றம்

கடலோரக் கோட்டை ஒன்றில் சிலுவை ஏந்திப் போரிடும் துறவிகளின் சபை இருந்தது. அதைத் திருத்த முயன்ற லியோனேல் பிரபுவைத் தலைவர் கஸ்பார் சிறையில் தள்ளினார். பிரபுவின் குதிரைக்காரன் பாஸ்கோவையும் சபை நடுவே இழுத்துவந்து நிறுத்தினார்.

"உன் எஜமான் பேசிய மதத்துரோகத்தைச் சொல். இல்லாவிட்டால் உனக்கும் தூக்குதான்."

பாஸ்கோ கைகூப்பினான். "சொல்லிவிடுகிறேன் சாமி. துறவிக்குச் சொத்து கூடாது என்றார். ஆயுதமில்லாதவனை வெட்டக் கூடாது என்றார்."

"கேட்டீர்களா? அத்தனையும் துரோகம்!" என்று கத்தினார் கஸ்பார்.

"அவர் இந்தச் சபையில் சேர்ந்து வாள் ஏற்ற அன்று நீங்கள் சொல்லிக்கொடுத்த சத்தியம்தானே சாமி அது? வாசலில் குதிரையைப் பிடித்தபடி நானும் கேட்டேனே."

தாங்களே ஏற்ற சத்தியத்தைத் துரோகம் என்று தண்டிக்க முடியாமல் துறவிகள் சிறைக்கதவைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சலில் உருக்குலைந்திருந்த பிரபுவை பாஸ்கோ முதுகில் சுமந்துவந்தான். கோட்டை வாசலைத் தாண்டுமுன்பே அவர் உயிர் பிரிந்தது. துரோகி என்று அவரைக் கடலில் எறிய யாருக்கும் துணிவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பாஸ்கோவே குழி வெட்டினான்.