பெருச்சாளி கேட்ட பிணை

குளத்தங்கரைப் பனைமரத்தடியில் தொந்தியன் என்ற பெருச்சாளி வளை தோண்டி வாழ்ந்துவந்தான். வளை நிறைய நெல். எவ்வளவு நெல் என்றால், பனைமரமே நெல்மேல்தான் நிற்கிறது என்று தவளைகள் பேசிக்கொண்டன. தவளைகள் பேச்சில் பாதியை நம்பலாம்.

அத்தனையும் தொந்தியனின் அம்மா சேர்த்தது. சாகும்போது அவள் மகனைக் கூப்பிட்டாள். "பாதி உனக்கு, பாதி உன் தங்கச்சிக்கு. அவ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழப் போயிட்டா. நீ பத்திரமா வச்சிருந்து, கேக்கிறப்போ கொடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். பனைமட்டையில் இருந்த மைனா ஒன்று அதைக் கேட்டது.

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்தது. தங்கை சிட்டாளின் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. குட்டிகளைக் கவ்விக் கொண்டுபோய் மேட்டில் போட்டாள். அவற்றுக்குக் கொடுக்க ஒரு நெல்மணிகூட இல்லை. அண்ணன் வாசலுக்கு வந்தாள். கேட்கப்போவது தன் பங்குதான். ஆனாலும் நனைந்த உடம்போடு நின்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

"அண்ணே, அம்மா வச்ச நெல்லுல என் பங்கு..."

"எந்த நெல்லு? எந்தப் பங்கு?"

"பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க அண்ணே."

"அப்படின்னா ஆமையார்கிட்ட போய் வழக்குப் போடு" என்றான் தொந்தியன். வளை வாசலை முதுகால் அடைத்துக்கொண்டான்.

அந்தக் குளத்து வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர் ஆமையார். தொந்தியனின் இந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு வெளியூர்க் கொக்கு ஒன்று அந்தக் குளத்தில் வழக்குப் போட்டது. சாட்சிகள் இரை தேடப் போகாமல் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தார்கள். கொக்கு தோற்றது. அவர்களுடைய சாப்பாட்டுச் செலவைக் கொடுக்காமல் பறந்தே போய்விட்டது. அதிலிருந்து, வெளியிலிருந்து வந்து வழக்குப் போடுகிறவர் முதலில் தீனியைப் பிணையாக வைக்க வேண்டும் என்று ஆனது. வைக்காவிட்டால் வழக்கே கிடையாது.

மறுநாள் காலையில் சிட்டாளின் வழக்கைக் கேட்க எல்லாரும் கரையில் கூடினார்கள். சிட்டாள் வாயைத் திறப்பதற்குள் தொந்தியன் முந்திக்கொண்டான்.

"ஆமையாரே, இவ அந்தப் பக்கத்துக்காரி. தோத்தா நீந்திப் போயிடுவா. சாட்சிங்க சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? பிணையை வைக்கட்டும், அப்புறம் பேசட்டும்."

ஆமையார் கழுத்தை நீட்டினார். "கேக்கிறது முறைதான். என்னம்மா வைக்கிறே?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

எல்லாக் கண்ணும் அவளுடைய ஒட்டிய வயிற்றின்மேல் விழுந்தது. சிட்டாள் அதை வாலால் மறைக்கப் பார்த்தாள். பெருச்சாளி வால் எதை மறைக்கும்?

"ஒரு வாய் நெல்லுகூடவா இல்லை?"

இந்த இடத்தில் தொந்தியன் சும்மா இருந்திருக்கலாம். ஜெயித்துவிட்ட குஷி யாரை விட்டது?

"அவகிட்ட எப்படி இருக்கும்? அவ பங்கு மொத்தமும் என் வளையிலதானே கிடக்கு!"

கரையில் இருந்த எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. இத்தனை காலம் தொந்தியன் போட்ட நெல்லைத் தின்று வாயை மூடிக்கொண்டிருந்த மைனா, இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டது.

"அப்படியா சங்கதி" என்றார் ஆமையார். "அப்போ இவ பிணை வச்சாச்சு. உன்கிட்ட இருக்கு. போய் எடுத்துட்டு வா."

"கொண்டுவந்தா... வழக்கு நடக்குமா ஐயா?"

"இன்னும் என்னப்பா வழக்கு? அதான் நீயே தீர்ப்புச் சொல்லிட்டியே."

தொந்தியன் வாய் வாயாக நெல்லைக் கொண்டுவந்து கொட்டினான். ஒவ்வொரு நடைக்கும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. குவியல் சேர்ந்ததும் சிட்டாள் அதில் கொஞ்சத்தைச் சாட்சிகள் பக்கம் தள்ளினாள்.

"ஏம்மா, ஜெயிச்சவ நீ. செலவு உங்கண்ணனோடது" என்றார் ஆமையார்.

"இருக்கட்டும் ஐயா. எங்க வீட்டுச் சண்டைக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போனா, எங்கம்மாவுக்குத்தானே கெட்ட பேரு."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "மழை விட்டதும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன் அண்ணே. மாமாவைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

அவள் திட்டியிருந்தால் தொந்தியன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. அதுவரை பெருச்சாளிகள் பட்டப்பகலில் நடுப்பாதையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவை. அன்று தொந்தியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கரையோரமாக ஒட்டி ஒட்டி ஓடி வளைக்குள் நுழைந்தான். சந்தேகம் இருந்தால் இன்றைக்கும் பாருங்கள். இருட்டிய பிறகுதான் பெருச்சாளி வெளியே வரும். வந்தாலும் சுவரோரமாகத்தான் ஓடும்.

காத்துக் கொடு என்று நம்பி ஒப்படைத்ததைத் தானே அமுக்கிக்கொண்டு, கேட்டு வந்தவரை வெறுங்கை என்று விரட்டுகிறவன், கடைசியில் தன் வாயாலேயே தலைகுனிவான்.