சட்டியில போட்ட ஐஸ்

நாகப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில பாளம் உடைக்கிறவன் காத்தமுத்து. வீட்டுல வாயைத் திறந்தா வசவு, மூடினா உம்முனு மூஞ்சி. பதினஞ்சு வருஷம் இப்படியே போச்சு. பொண்டாட்டி செம்பாயி போன தையில அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. அப்புறந்தான் தொரைக்கு ஞானம் தேடுற ஆசை வந்துச்சு.

கடற்கரை மடத்துல ஞானாம்பா இருந்தாங்க. வயசுல இவனுக்குத் தங்கச்சி. ஆனாலும் குரு.

“தாயி, குடியை விட்டேன். வாராவாரம் மீனும் பூவுமா அவ வாசல்ல போய் நிக்கிறேன். இளகவே மாட்டேங்கிறா. என்ன சொல்றா தெரியுமா?” காத்தமுத்து மோவாயைத் தோள்ல இடிச்சு, அசல் செம்பாயி குரல்லயே சொன்னான். “‘வச்சிட்டுப் போங்க.’ இன்னும் எத்தனை நாளைக்குத்தான் போறது?”

“கையில என்னண்ணே?”

“மடத்து மோருக்கு ஐஸ்.”

“சட்டியில போடு.”

ஞானாம்பா மண்ணெண்ணெய் அடுப்பைப் பத்த வச்சுச் சட்டியை ஏத்தினாங்க. பாதி ஐஸ் தண்ணியாச்சு.

“கலக்கிட்டு விரலை விடு.”

“ஜில்லுனு இருக்கு.”

இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சுது.

“இப்ப?”

“இப்பவும் அதே ஜில்லுதான். அடுப்பு என்ன தூங்குதா? அம்புட்டு சூடும் எங்க போவுது?”

“ஐஸுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துணுக்குங்க, ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே நடுங்கும். வர்ற சூடு பூரா அந்தப் பிடியை விடுவிக்கவே செலவாயிடும். விட்டதெல்லாம் தண்ணியா ஓடும். அத்தனையும் விட்டப்புறந்தான் தண்ணி சுடும். மேல மேல சுட்டா ஆவி. அப்புறம் அது யாருக்கும் நிக்காது.”

காத்தமுத்துக்கு வாயெல்லாம் பல்லு.

“அப்ப செம்பாயி உள்ளுக்குள்ள உருகிட்டுத்தான் இருக்கா! வெளிய தெரியல, அம்புட்டுத்தான்!”

“ஐஸு அவதான்னு உனக்கு யாருண்ணே சொன்னது?”

காத்தமுத்து சட்டிக்குள்ள எட்டிப் பார்த்தான். கடைசித் துண்டும் கரைஞ்சுபோச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு விரலை விட்டான். லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு.

அடுப்பு பக்கு பக்குனு ரெண்டு தடவை இருமிச்சு. அணைஞ்சுபோச்சு. எண்ணெய் தீர்ந்திருந்துச்சு.

“ஐயையோ தாயி! இப்பத்தானே நான் சூடேற ஆரம்பிச்சேன்!”

“அதைப் பதினஞ்சு வருஷம் எரிஞ்ச அடுப்புகிட்டச் சொல்லிப் பாருண்ணே.”