பூஜ்யத்துக்கு நாலு

"இந்த அலாரம் வாயைத் திறக்காம இருக்க என்ன செய்யணும், குருவே?"

கேட்டவர் தீர்த்தகிரி. ஓசூர் பக்கம் ஒரு நிக்கல் முலாம் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வயது நாற்பத்தொன்பது. பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி.

குருவின் பெயர் ஷமீமா. வயது இருபத்தேழு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து வந்து மீட்டர்களைச் சரிபார்த்துவிட்டுப் போவார்.

முதல் தடவை வந்தபோது, தீர்த்தகிரி மாட்டியிருந்த ஒரு ஒயரைத் தவறு என்று காட்டினார். அன்றிலிருந்து தீர்த்தகிரி அவரை குருவே என்றுதான் கூப்பிட்டார். ஆரம்பத்தில் அது கிண்டல். எந்த வருடம் கிண்டல் இல்லாமல் போனது என்று இருவருக்கும் தெரியாது.

முலாம் தொட்டியில் பாகங்களைக் கொக்கியில் மாட்டி இறக்கும் சின்னபாப்பாவுக்கு அது இன்னும் கிண்டல்தான்.

"பொண்ணு வயசுப் பிள்ளைகிட்ட பாடம். நல்லாத் தலையாட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அலாரம் ஏன் அடிக்கிறது என்று ஷமீமா கேட்டார்.

தொட்டியிலிருந்து வரும் ஆவி திருகாணியை அரித்துவிடுகிறது, ஒயர் கழன்றுபோகிறது என்றார் தீர்த்தகிரி. இந்த வாரம் மூன்று தடவை. மூன்று தடவையும் லைன் நின்றது. அரைநாள் நிறுத்தினால் அந்த ஒயர் வரும் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். மேலாளர் ரகோத்தமன் அரைநாள் தரமாட்டார்.

அதற்குப் பதில் ரகோத்தமனே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தொட்டியின் கரண்டை ஏற்றி இறக்கும் கண்ட்ரோலரில் ஒரே ஒரு வரியை மாற்றுவது. நாலுக்குக் கீழே என்ன வந்தாலும் பூஜ்யம் என்று அது எடுத்துக்கொள்ளும். அலாரம் அடிக்காது.

மாற்றச் சீட்டில் எலக்ட்ரீஷியன் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியலும் ரகோத்தமன் மேசையில்தான் இருந்தது. அதில் தீர்த்தகிரியின் பெயர் இரண்டாவது.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போட்டுடறேன்" என்றார் தீர்த்தகிரி.

ஷமீமா எழுந்து பேனலைத் திறந்தார்.

தொட்டிக்குப் போகும் ஐந்நூறு ஆம்பியரும் ஷண்ட் என்ற உள்ளங்கை அளவு உலோகத் துண்டு வழியாகத்தான் போகும். அவ்வளவும் போனாலும் அது வெளியே சொல்வது எழுபத்தைந்து மில்லிவோல்ட். ஒரு முணுமுணுப்பு. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி அதைக் கேட்டு, நாலிலிருந்து இருபது மில்லி ஆம்பியருக்குள் ஒரு அளவாக மாற்றி, கண்ட்ரோலருக்கு அனுப்பும். முழு ஓட்டத்துக்கு இருபது. ஒன்றுமே இல்லாததற்கு நாலு.

"ஒண்ணுமில்லைன்னா பூஜ்யம்தானே அனுப்பணும்? எதுக்கு நாலு?" இதைத் தீர்த்தகிரி பல வருடமாகக் கேட்க நினைத்திருந்தார்.

டீ நேரம். லைன் நின்றிருந்தது. ஷமீமா தன் மீட்டரை மாட்டி அவர் பக்கம் திருப்பினார்.

"எவ்வளவு?"

"நாலு."

"தொட்டியில கரண்ட் இருக்கா?"

"இல்லை."

ஷமீமா ஒயரைக் கழற்றினார்.

"இப்போ?"

"பூஜ்யம்."

"தொட்டியில கரண்ட் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். மீட்டரைப் பார்த்தார். கையில் தொங்கும் ஒயரைப் பார்த்தார்.

"தெரியாது" என்றார்.

"லைன் ஓடும்போது இப்படிக் கழண்டா, கண்ட்ரோலர் பூஜ்யம்னு நம்பினா?"

"கரண்ட் பத்தலைன்னு நினைக்கும். ஏத்தும். ஏத்திக்கிட்டே இருக்கும்."

தொட்டி விளிம்பில் சின்னபாப்பாவின் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் ஏறினால் தொட்டியில் தீப்பிடிக்கும் வாயு பொங்கும். கொக்கியைத் தூக்கும்போது ஒரு பொறி போதும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நீங்களே மேலாளரிடம் சொல்லிவிடக் கூடாதா என்று தீர்த்தகிரி கேட்டார். அறிக்கையில் எழுதிவிடுகிறேன், அவர் பிரித்துப் பார்ப்பாரா என்பது எனக்குத் தெரியாது என்றார் ஷமீமா.

"சரி. நான் கையெழுத்துப் போடாம சும்மா இருந்துடறேன்."

"சும்மா இருந்தா என்னன்னு எடுத்துப்பாங்க, அண்ணே?"

ஷமீமா ஒயரை மாட்டி, திருகாணியை இறுக்கி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை, வழக்கம்போல எல்லாரும் வேலைப் பலகை முன்னால் நின்றார்கள். பதினான்கு பேர். ரகோத்தமன் அன்றைய வேலைகளைப் படித்தார். கடைசியில் கண்ட்ரோலர் மாற்றம். தீர்த்தகிரி சீட்டைத் திருப்பித் தர மறந்துவிட்டார் போலிருக்கிறது, பரவாயில்லை, சாயங்காலம் கையெழுத்துப் போடட்டும் என்றார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்."

பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ரகோத்தமன் பலகையில் எழுதினார். ஆட்சேபணை: இல்லை.

"சார், அதை அழிங்க."

தன் குரல்தான் என்று தீர்த்தகிரிக்கே உறைக்கச் சற்று நேரம் ஆனது.

"எதை?"

"இல்லைன்னு எழுதினதை. யாரும் இல்லைன்னு சொல்லலை. சும்மா நின்னோம்."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா."

"ஒண்ணு இல்லை சார். ஒயர் கழண்டா நிக்கல் தொட்டியில என்ன ஆகும்னு இங்க நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஆட்சேபணை இல்லைன்னு ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லட்டும். அப்புறம் எழுதுங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இப்போது தரையை யாரும் பார்க்கவில்லை.

ரகோத்தமன் பேனாவை மூடினார். கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பட்டியல்ல உங்க பேர் இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"ஆட்சேபணை?"

"அதுவும் இருக்கு."